எண்கள் போன இடத்தில் ஒரு சொல்

2001 மார்ச்சில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டது. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கான தேசியக் குறைந்தபட்சத் தரநிலைகள் என்பது அதன் பெயர். உள்ளே 38 தரநிலைகள். புதிதாகக் கட்டும் இல்லத்தில் தனியறை 12 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய இல்லங்கள் 2007 ஏப்ரலுக்குள் 10 சதுர மீட்டரையாவது எட்டிவிட வேண்டும். பராமரிப்பு ஊழியர்களில் பாதிப்பேர் 2005க்குள் என்.வி.கியூ. என்ற தொழில்தகுதியில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறு வாரத்துக்குள் அறிமுகப் பயிற்சி, ஆறு மாதத்துக்குள் அடிப்படைப் பயிற்சி. அதன் பிறகு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று நாள் பயிற்சி. அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் உண்டு. ஆண்டுக்கு ஆறு முறையாவது மேற்பார்வையாளர் ஊழியரோடு தனியே உட்கார்ந்து, வேலை எப்படிப் போகிறது என்று பேச வேண்டும்.

படிக்கச் சலிப்புத் தட்டும் பட்டியல்தான். ஆனாலும் நடுங்கும் ஒரு மூதாட்டியைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப்போகும் கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஓர் அரசு எண்ணால் எழுதிவைக்கத் துணிந்த அபூர்வமான தருணம் அது. ஊழியர் பற்றிய அந்த எண்களில் ஒன்றுகூட இன்று அங்கே விதியாக இல்லை. அவை இருந்த இடத்தில் ‘போதுமான’ என்ற சொல் இருக்கிறது. தகுதியும் திறமையும் அனுபவமும் உள்ள ஊழியர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்கிறது இப்போதைய விதி. எத்தனை பேர் இருந்தால் போதும், எவ்வளவு பயிற்சி தந்தால் போதும் என்று அது சொல்வதில்லை. எண் போய்ச் சொல் வந்தது எப்படி, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பது, முதுமை பெருகிவரும் எந்தச் சமூகத்துக்கும் பயன்படும்.

இந்த இல்லங்களின் வேர் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட பழைய வறியோர் விடுதிகளில் இருக்கிறது. அந்த விடுதிகளின் காலம் முடிந்தது என்று 1948இன் தேசிய உதவிச் சட்டம் அறிவித்தது. அனியூரின் பெவன் அப்போது சுகாதார அமைச்சர். முதியவர் இனி அண்டிக் கிடப்பவராக இருக்க மாட்டார், ஓட்டலில் தங்கும் விருந்தினரைப் போல நடத்தப்படுவார் என்பது அன்றைய கனவு. பத்தாண்டு கழித்து, சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்கு நேரில் போனார். அவர் கண்டதை 1962இல் ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ என்ற நூலாக வெளியிட்டார். பல இடங்களில் பெயர்ப்பலகை மட்டுமே மாறியிருந்தது. அதே கட்டடங்கள், அதே நீண்ட கூடங்கள், பழைய விடுதிக் காலத்துப் பழக்கங்களோடு அதே மேலாளர்கள். பராமரிப்பு வேலை செய்தவர்களில் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு. இத்தகைய கூட்டு இல்லங்களையே படிப்படியாகக் கைவிட்டு, முதியவர்கள் தம் வீட்டிலேயே வாழ உதவ வேண்டும் என்று டவுன்சென்ட் முடிவுசெய்தார். நாடு அவர் சொன்ன வழியில் போகவில்லை.

1980க்குப் பிறகு நேர்மாறான வெள்ளம் வந்தது. தனியார் இல்லத்தில் சேரும் வறிய முதியவருக்கான கட்டணத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து அரசே கொடுக்கலாம் என்று வழி திறந்ததும், கடற்கரை ஊர்களில் வியாபாரம் படுத்துப்போன விடுதிகள் பராமரிப்பு இல்லங்களாக மாறின. 1984இல் பதிவு பெற்ற இல்லங்கள் சட்டம் வந்தது. அதோடு ‘ஹோம் லைஃப்’ என்ற நடத்தை நெறியும் வந்தது. ஆய்வுசெய்யும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் இருந்ததால், எது குறைந்தபட்சம் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1993 ஏப்ரலில் இல்லக் கட்டணத்துக்கான பொறுப்பும் உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. இந்தக் கடைசி மாற்றத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதிப்பது ஒரு கை. அந்தத் தரத்துக்கான விலையை அடித்துப் பேசிக் குறைப்பது இன்னொரு கை. இரண்டும் அரசின் கைகளே. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த முரண்பாடுதான் அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

பராமரிப்புத் தரநிலைகள் சட்டம் 2000இல் நிறைவேறியது. நாடு முழுவதற்கும் ஒரே ஆய்வு ஆணையம் 2002 ஏப்ரல் 1 அன்று வேலையைத் தொடங்கியது. அதே மாதத்திலேயே, அந்த ஆணையத்தைக் கலைத்து வேறொன்றோடு இணைக்கப்போவதாக அரசு அறிவித்தது. தரநிலைகளை அமல்படுத்த வந்தவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே நாற்காலி ஆடத் தொடங்கியது. இல்ல உரிமையாளர்கள் ஏற்கெனவே குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அறைகளை இடித்துக் கட்டப் பணம் இல்லை, உள்ளாட்சி தரும் கட்டணம் அன்றாடச் செலவுக்கே பற்றவில்லை, இல்லங்கள் மூடப்படுகின்றன என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. இல்லம் மூடப்பட்டால் தொண்ணூறு வயதில் ஒருவர் படுக்கையையும் பழகிய முகங்களையும் விட்டு வேறிடம் போக வேண்டும். 2002 ஆகஸ்டில் அரசு பின்வாங்கியது. பழைய இல்லங்களுக்கு அறை அளவுக் கட்டாயம் இல்லை, அவை ஆகஸ்ட் 16 அன்று இருந்த நிலைக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி என்றாயிற்று. முதலில் அழிந்தவை சதுர மீட்டர்கள்.

பயிற்சி பற்றிய எண்கள் இன்னும் எட்டு ஆண்டு தாக்குப்பிடித்தன. என்.வி.கியூ. என்பது வகுப்பறைப் படிப்பு அல்ல. மதிப்பீட்டாளர் இல்லத்துக்கே வந்து, ஊழியர் வேலை செய்வதைப் பார்த்து, கேள்வி கேட்டு, ஆதாரங்களைக் கோப்பில் சேர்ப்பார். தெரிந்த வேலைக்கே முத்திரை குத்துகிறது, புதிதாக எதையும் கற்பிக்கவில்லை என்ற விமர்சனம் அதன்மீது உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் பதினாறு வயதில் பள்ளியை விட்டு, நாற்பது வயதுக்கு மேல் இந்த வேலைக்கு வந்த பெண்கள் பலருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சான்றிதழ் அது. தாம் செய்வது ஒரு தொழில், அதற்கு அறிவு வேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து எழுதித் தருவது சிறிய விஷயம் அல்ல.

சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டம் 2008இல் வந்தது. பராமரிப்புத் தர ஆணையம் 2009இல் வந்தது. 2010 அக்டோபரில் 38 தரநிலைகளும் விலக்கப்பட்டு, ‘இன்றியமையாத் தரநிலைகள்’ என்ற புதிய தொகுப்பு வந்தது. பாதிப்பேர், மூன்று நாள், ஆறு முறை எல்லாம் அப்போது போயின. இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எண்களைக் கொடுத்தால் ஆய்வாளர் பட்டியலோடு வந்து டிக் அடித்துவிட்டுப் போகிறார். கோப்பு சுத்தமாக இருக்கிறது, மனிதர் அழுக்கான படுக்கையில் கிடக்கிறார். ஆகவே உள்ளே போடும் பொருளை எண்ணாமல், வெளியே வரும் பலனைப் பாருங்கள் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணை மீறினால் ‘மீறினாய்’ என்று ஆய்வாளர் அந்த இடத்திலேயே சொல்லலாம். ‘போதுமான’ என்பதை மீறினாய் என்று நிறுவ, ஏதாவது தீங்கு நடந்து முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே தீங்கு வெளியே வந்தது. 2011 மே 31 அன்று பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற இடத்தில் ரகசியமாக எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை அது. முதியோர் இல்லம் அல்ல. அங்கே வசித்தவர்களை ஊழியர்கள் அறைந்தார்கள், தரையில் அழுத்தினார்கள், உடையோடு குளிர்ந்த நீரில் நனைத்தார்கள். பதினொரு பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஆறு பேருக்குச் சிறை. ஒரு நோயாளிக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு பொதுப்பணம் போய்க்கொண்டிருந்த இடம் அது. பின்னர் வந்த விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது பயிற்சி பற்றிய பகுதி. அந்த ஊழியர்களுக்குப் பயிற்சி இருந்தது. ஆனால் அதில் பெரும்பங்கு ஒருவரைப் பிடித்து அடக்குவது எப்படி என்பதற்கானது. என்ன கற்றார்களோ அதைச் செய்தார்கள். ஆகவே பயிற்சி நாள்களை வெறுமனே எண்ணினால் போதாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன். எண்ணவே வேண்டாம் என்ற முடிவுக்கு மட்டும் அங்கிருந்து தாவ முடியாது.

அப்படியானால் எந்தப் பயிற்சி வேலை செய்கிறது? இதற்கு நல்ல சான்று இருக்கிறது. பிராட்ஃபர்டில் ஆய்வுசெய்த டாம் கிட்வுட், மறதிநோய் உள்ளவர்களோடு ஊழியர்கள் பழகுவதை மணிக்கணக்காக உட்கார்ந்து கவனித்தவர். அவருடைய ‘டிமென்ஷியா ரீகன்சிடர்ட்’ 1997இல் வந்தது. மனிதரைச் சிதைக்கும் நடத்தைகள் என்று அவர் பட்டியலிட்டவற்றில் பெரும்பாலானவற்றைக் கொடுமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குழந்தையைப் போலப் பேசுவது, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவது, அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் வேலையை முடிப்பது. இந்த மூன்றாவதைப் பாருங்கள். சட்டையின் ஒரு கையை மாட்டியதை அவர் உணர்வதற்குள் மறுகையும் மாட்டியாகிவிடுகிறது. வாயில் இருப்பதை விழுங்கும் முன் அடுத்த கரண்டி வந்துவிடுகிறது. பயந்து கையைத் தட்டிவிட்டால் ‘முரண்டு பிடிக்கிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. பிறகு மாத்திரை வருகிறது.

அந்த மாத்திரை எவ்வளவு பரவியிருந்தது என்பதை 2009இல் பேராசிரியர் சுபே பானர்ஜி அரசுக்குத் தந்த அறிக்கை சொன்னது. பிரிட்டனில் மறதிநோயுள்ள சுமார் 1,80,000 பேருக்கு மனநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டுவந்தன. அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 கூடுதல் மரணங்கள் நேர்வதாக அவர் கணித்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2006இல், மாற்று வழி ஒன்று அச்சில் வந்திருந்தது. லண்டன், நியூகாசில், ஆக்ஸ்ஃபோர்டு பகுதிகளில் 12 இல்லங்களில் ஜேன் ஃபோஸியும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை அது. பாதி இல்லங்களுக்கு ஒரு பயிற்சியாளர் பத்து மாதம் தொடர்ந்து போய்வந்தார். வகுப்பு எடுத்ததோடு நிற்காமல் ஊழியர்களின் பக்கத்தில் இருந்தார்; இந்த ஐயா ஏன் மாலையில் கத்துகிறார், அந்த அம்மா ஏன் குளிக்க மறுக்கிறார் என்று ஒவ்வொருவராக எடுத்துச் சேர்ந்து யோசித்தார். ஓராண்டு முடிவில் மற்ற இல்லங்களில் 42.1 சதவீதம் பேர் அந்த மருந்துகளை உட்கொண்டுவந்தார்கள். பயிற்சி பெற்ற இல்லங்களில் 23 சதவீதம். மருந்து குறைந்ததால் பதற்றம் கூடிவிடவில்லை. 69 இல்லங்களில் 847 பேரை வைத்து நடந்து, 2018இல் முடிவு வெளியான ‘வெல்ட்’ என்ற பெரிய சோதனையும் இதே திசையில் பேசியது. ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, வசிப்பவரோடு அவருக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசிப் பழக வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியபோது, வாழ்க்கைத் தரம் கூடியது, பதற்றம் தணிந்தது.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்! இந்தச் சோதனைகளில் வேலை செய்த மருந்து நேரம்தான். பயிற்சியாளர் கூட இருக்கும் நேரம், கற்றதைச் செய்துபார்க்க ஊழியருக்குக் கிடைக்கும் நேரம், கற்றவர் அதே இல்லத்தில் நீடித்திருக்கும் காலம். எண்ணால் அளக்க வேண்டியவை இவையே.

இங்கிலாந்து வேறு ஒன்றைச் செய்தது. 2013இல் கமில்லா கேவென்டிஷ் அரசுக்காக எழுதிய அறிக்கை, பதின்மூன்று லட்சம் உதவி ஊழியர்கள் குறைந்தபட்சப் பயிற்சி என்ற வரையறையே இல்லாமல் முதியவர்களையும் நோயாளிகளையும் கவனித்துவருகிறார்கள் என்று எச்சரித்தது. அதன் விளைவாக 2015 ஏப்ரலில் பராமரிப்புச் சான்றிதழ் வந்தது. கடமை, கண்ணியம், உணவும் நீரும், உயிர்காக்கும் முதலுதவி, தொற்றுத் தடுப்பு என அப்போது அதில் 15 பகுதிகள் இருந்தன. பன்னிரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு மட்டுமே, சட்டக் கட்டாயம் இல்லை. நல்ல இல்லம் அதை அனுபவசாலி ஒருவரின் நிழலில் நின்று கற்கவைக்கிறது. கையில் காசில்லாத இல்லம் கணினித் திரையில் பக்கம் பக்கமாகச் சொடுக்கவைக்கிறது, அதுவும் வேலை நேரத்துக்கு வெளியே, வீட்டில். இன்னொரு இல்லத்துக்கு மாறினால், பழைய சான்றிதழை நம்பாத புது முதலாளி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார். ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. அங்கே இல்ல ஊழியர் ஒவ்வொருவரும் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் தகுதி பெற வேண்டும். அந்தத் தகுதி எங்கு போனாலும் கூடவே வரும். வேல்ஸும் அதைப் பின்பற்றி 2022இல் இல்ல ஊழியர் பதிவைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் பராமரிப்பு வேலைக்கு அப்படிக் கட்டாயத் தேசியப் பதிவேடு கிடையாது.

இனி சம்பளம். 2022–23இல் இத்துறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் ஓராண்டுக்குள் வேலையை விட்டுப்போனார்கள். ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் காலியாக இருந்தன. ஐந்தாண்டு அனுபவம் உள்ளவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் மணிக்கூலியில் வித்தியாசம் சராசரியாகப் பத்துப் பென்னிக்கும் குறைவு. 2016இலிருந்து தேசியக் குறைந்தபட்சக் கூலி வேகமாக ஏறியது; அது நல்லது. ஆனால் உள்ளாட்சி தரும் கட்டணம் அதே வேகத்தில் ஏறவில்லை. கீழ்ப்படி உயர்ந்தது, மேல்படி நின்ற இடத்திலேயே நின்றது, நடுவில் இருந்த ஏணி காணாமல் போனது. மூச்சுக்குழாயில் உணவு போய்விடாமல் ஊட்டத் தெரிந்த கைக்கும், படுக்கைப்புண் தொடங்கும் முன் தோலின் நிறமாற்றத்தைப் பார்த்துச் சொல்லும் கண்ணுக்கும் விலையே இல்லாதபோது, கற்றவர் பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். கற்றுக்கொடுத்ததும் அவரோடு போய்விடுகிறது. 2005க்குள் பாதிப்பேர் என்று எழுதிய நாட்டில், அதற்குப் பதினேழு ஆண்டு கழித்தும் நேரடிப் பராமரிப்பு ஊழியர்களில் பாதிக்கும் குறைவானவர்களிடமே துறைசார்ந்த தகுதி இருந்தது.

2020 கோடையில் இந்த நிலைக்கு உயிர்களால் கணக்கெழுதப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 2இலிருந்து ஜூன் 12 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இல்லவாசிகள் 19,394 பேர் கோவிட் தொடர்பால் இறந்தார்கள். அரசு 5,126 இல்லங்களிடமிருந்து விவரம் பெற்று ‘விவால்டி’ என்ற ஆய்வை நடத்தியது. நோயில் கிடக்கும் ஊழியருக்குச் சம்பளம் தந்த இல்லங்களில் முதியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. தற்காலிக ஊழியர்களை அடிக்கடி மாற்றி மாற்றி அழைத்த இல்லங்களில் அதிகமாக இருந்தது. தொற்றுத் தடுப்பைப் பராமரிப்புச் சான்றிதழில் ஒரு பகுதியாகப் படித்தவர்கள் இந்த ஊழியர்களில் பலர். காய்ச்சலோடு வேலைக்குப் போகக் கூடாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டப்படியான நோய்க்காலப் படி அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டு. அதில் வாடகை கட்ட முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நோய்க்காலச் சம்பளம் 2001இன் புத்தகத்தில்கூடத் தரநிலையாக இல்லை. இருந்திருக்க வேண்டும்.

எண்ணை எழுதுவது முடியாத காரியமும் அல்ல. ஆஸ்திரேலியாவில் அரச விசாரணை ஆணையம் 2021இல் முதியோர் இல்லங்களின் புறக்கணிப்பை அம்பலப்படுத்திய பிறகு, ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக இத்தனை நிமிடப் பராமரிப்பு என்று அரசே வரையறுத்தது. 2023 அக்டோபரில் 200 நிமிடம். ஓராண்டு கழித்து 215 நிமிடம், அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற செவிலியரின் நேரம். எல்லா இல்லங்களும் அதை எட்டிவிட்டன என்பதல்ல. எட்டாதது எது என்று இப்போது பெயர் சொல்லிக் கேட்க முடிகிறது.

இங்கிலாந்து ஊழியர் பஞ்சத்துக்கு வேறு தீர்வு தேடியது. அங்கேதான் இந்தக் கதை நம் பக்கம் வருகிறது. 2022 பிப்ரவரியில் பராமரிப்பு ஊழியர்களுக்கு விசாக் கதவு திறந்தது. நைஜீரியா, ஜிம்பாப்வே, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள்; கேரளத்திலிருந்து போனவர்கள் நிறைய, தமிழகத்திலிருந்தும் உண்டு. அவர்களில் நர்சிங் படித்தவர்கள் இருந்தார்கள். நிலத்தையும் நகையையும் அடகு வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். வந்து இறங்கியதும் வேலை இல்லை என்று கேட்டவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமை போயிற்று. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றது. 2022 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர் வரையிலான இரண்டரை ஆண்டில் 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அரசு ரத்து செய்திருந்தது. நிறுவனத்தின் தவறுக்காக உரிமம் போனது. ஆனால் நடுத்தெருவில் நின்றவர் ஊழியர்.

பராமரிப்புச் சான்றிதழின் பத்தாவது பகுதி, பெரியவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றியது. தவறு நடந்தால் தயங்காமல் சொல், மேலாளர் கேட்காவிட்டால் அவருக்கு மேலே போய்ச் சொல் என்று அது கற்பிக்கிறது. விண்டர்போர்ன் வியூவுக்குப் பிறகு இதைவிட அவசியமான பாடம் இல்லை. கேரளத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ போன பெண் அதைப் படித்துத் தேர்ச்சி பெறுகிறார். இரவு நேரத்தில் முப்பது பேருக்கு இரண்டே ஊழியர் இருப்பதையும், ஒரு முதியவரின் முதுகில் புண் பெருகுவதையும் அவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விசா அந்த முதலாளியின் பெயரில் இருக்கிறது. சொன்னதற்காக வேலை போனால், புது ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளவோ நாட்டை விட்டு வெளியேறவோ அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அவகாசம் 60 நாள்.